மேற்கு ஜன்னல்

ஏப்ரல் 21-ஐ ஒட்டிய ஒரு நாளிலும் ஆகஸ்ட் 21-ஐ ஒட்டிய ஒரு நாளிலும் கள்ளக்குறிச்சியில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. கடிகாரம் ஏறக்குறைய பன்னிரண்டே கால் காட்டும்போது சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். ஊர் 11.7 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால் வரும் கணக்கு இது. இந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதம் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. மற்ற எட்டு மாதம் தெற்கே.

உச்சிவெயிலைத்தான் கொடுமை என்கிறோம். தெருவில் நடப்பவருக்கு அது சரி. ஜன்னலுக்குப் பொருந்தாது. தலைக்கு மேலே நிற்கும் சூரியனை இரண்டு அடி சன்ஷேடு தடுத்துவிடும். தெற்குப் பார்த்த நான்கடி உயர ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 21 நடுப்பகலில் அந்த இரண்டு அடி சன்ஷேடு தரும் நிழல் ஜன்னலைத் தாண்டிச் சுவரின் அடிவரை இறங்கிவிடும். சூரியன் மிகத் தாழ்ந்து ஓடும் டிசம்பர் 22-ல்கூட அது 55 டிகிரி உயரத்தில் இருப்பதால், ஜன்னலின் மேல் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவான பகுதி நிழலில்தான் இருக்கும். வடக்கு ஜன்னலுக்கும் பெரிய தொல்லை இல்லை.

மேற்கு ஜன்னலின் கதை வேறு. சித்திரை மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் சுமார் 35 டிகிரிக்கு இறங்கி, ஜன்னலுக்கு நேர் எதிரே வந்துவிடும். அதே இரண்டு அடி சன்ஷேடு இப்போது நிழல் தருவது ஒன்றரை அடிக்கும் குறைவாக. 5 மணிக்கு முக்கால் அடிகூட இருக்காது. சன்ஷேடை நீட்டிக்கொண்டே போனாலும் பயனில்லை; 5 மணிக்கு ஜன்னல் முழுவதையும் மறைக்கப் பதினோரு அடி நீள சன்ஷேடு வேண்டும். வெயில் பக்கவாட்டில் வருவதால் தடுப்பும் ஜன்னலுக்கு முன்னால் செங்குத்தாக நிற்க வேண்டும்.

அந்த வேளையில் எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது என்று தோராயமாகக் கணக்கிடலாம். தெளிந்த வானத்தில் மேற்குச் சுவரின் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 600 வாட் விழும். நான்கடிக்கு நான்கடி ஜன்னலின் பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர். சாதாரணக் கண்ணாடி அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் உள்ளே விட்டுவிடும். ஆக, ஒரே ஜன்னல் வழியாக 700 வாட்டுக்கு மேல் வெப்பம் வருகிறது. துணி தேய்க்கும் இஸ்திரிப்பெட்டி ஒன்றை அறைக்குள் மூன்று மணி நேரம் போட்டுவைத்ததற்குச் சமம். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் 3,500 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கை இந்த ஒரு ஜன்னலே தின்றுவிடுகிறது.

வந்த வெப்பம் திரும்பிப் போவதில்லை என்பதுதான் கண்ணாடியின் குணம். வெயிலின் ஆற்றலில் பாதிக்குச் சற்றுக் குறைவு கண்ணுக்குத் தெரியும் ஒளி. மீதியில் பெரும்பகுதி, அதை அடுத்துள்ள அகச்சிவப்பு. இரண்டையும் கண்ணாடி தாராளமாக விடும். அவை உள்ளே போய்த் தரையிலும் கட்டிலிலும் பட்டு அவற்றைச் சூடாக்குகின்றன. சூடான கட்டில் தன் பங்குக்கு வெப்பக் கதிரை வீசுகிறது. ஆனால் அந்தக் கதிரின் அலைநீளம் பல மடங்கு நீண்டது. அதைக் கண்ணாடி நேராக வெளியே விடுவதில்லை, உறிஞ்சிக்கொள்கிறது. ஜன்னலுக்கு உள்பக்கம் திரை போட்டாலும் அறை வேகுவது இதனால்தான். திரை வெயிலைத் தடுக்கிறது, உண்மை. ஆனால் தடுக்கும் இடம் கண்ணாடிக்கு உள்ளே. திரை சூடாகி, அந்தச் சூட்டில் பெரும்பங்கை அறைக்கே கொடுக்கிறது. வெளிர்நிறத் திரையாக இருந்தால் கொஞ்சம் ஒளியைக் கண்ணாடி வழியே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான்.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். நம் பாட்டிமார் வெட்டிவேர்த் தட்டியையும் கீற்றுத் தட்டியையும் வெளிப்பக்கம்தான் கட்டினார்கள். இதே எண்ணத்தை ஒரு முழுக் கட்டிடமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் புதுச்சேரிக்குப் போகலாம். கள்ளக்குறிச்சியின் அட்சரேகைதான் கிட்டத்தட்ட அதற்கும். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை, இன்றைய செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் பணியாற்றிய அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். ஜார்ஜ் நாகஷிமாவும் ஃபிரான்டிசெக் சாமரும் அங்கேயே தங்கிக் கட்டுமானத்தைக் கவனித்தார்கள். 1937-ல் தொடங்கி 1940-களில் முடிந்த அந்தக் கான்கிரீட் கட்டிடத்தின் நீண்ட முகப்புகள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. கண்ணாடி ஜன்னல் இருக்க வேண்டிய இடமெல்லாம் கிடைமட்டப் பலகைகள். திருப்பினால் திறக்கும், திருப்பினால் மூடும். காற்று வரும், வெயில் வராது. ஏசி நம் வீடுகளுக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தக் கடற்கரை வெக்கைக்குக் கிடைத்த விடை அது. அதற்குப் பிறகு நாம் கண்ணாடி பக்கம் இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இப்போது கண்ணாடி ஜன்னல் வைத்த வீட்டில் இருப்பவருக்கு மலிவான வழி, வெளியே கட்டும் வெயில் வலை. கடையில் சோலார் ஸ்கிரீன் என்று கேட்டால் சிலர் சோலார் பேனலைக் காட்டுவார்கள்; வெயிலைத் தடுக்கும் ஜன்னல் வலை என்று சொல்லிக் கேட்பது நல்லது. கண்ணாடி இழையோ பாலியெஸ்டர் நூலோ எடுத்து, மேலே பிவிசி பூச்சு ஏற்றி நெய்த துணி அது. கொசுவலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நூலின் கனத்திலும் ஓட்டையின் அளவிலும் இருக்கிறது. கொசுவலையில் நூல் மெல்லியது, பெரும்பகுதி ஓட்டை. இதில் நூல் தடித்தது, ஓட்டை பத்தில் ஒன்றோ இருபதில் ஒன்றோதான்.

ஒரு துண்டை வாங்கி வானத்தை நோக்கிக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் வெளியே எல்லாம் தெரியும். துணியை மெல்லச் சாய்த்தால், ஏதோ ஒரு சாய்வில் ஓட்டைகள் மூடிக்கொள்ளும். நூலின் தடிமனே பக்கச்சுவராகி மறைத்துவிடும். உயரத்தில் இருக்கும் சூரியனை இந்த வலை முழுதாகத் தடுப்பது இந்தச் சாய்வினால். 5 மணிச் சூரியனோ கிட்டத்தட்ட நேராக வருகிறது. ஓட்டை எவ்வளவோ அவ்வளவும் உள்ளே வரும். ஆகவே தெற்கு ஜன்னலுக்குப் போதுமான வலை மேற்கு ஜன்னலுக்குப் போதாது. மேற்குக்கு நெருக்கமான நெசவாகத் தேடி வாங்க வேண்டும். ‘80 சதவீதம்’ என்று அட்டையில் போட்டிருந்தால், அது வெளிச்சத்தைச் சொல்கிறதா, வெப்பத்தைச் சொல்கிறதா, ஓட்டைப் பரப்பைச் சொல்கிறதா என்று கேளுங்கள். மூன்றும் வேறு வேறு.

நிறத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரு தயக்கம் வரும். கறுப்பு வலை சூடாகுமே? ஆகும். ஆனால் அது வெளியே தொங்குகிறது. அந்தச் சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். கண்ணாடிக்கும் வலைக்கும் நடுவே மூன்று நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, மேலும் கீழும் அடைக்காமல் வைத்தால், சூடான காற்று தானே மேலேறி வெளியேறும். கறுப்பில் ஒரு நன்மையும் உண்டு. வெள்ளை நூல் வெயிலில் பளீரென்று ஒளிர்ந்து வெளிக்காட்சியை மறைக்கும். கறுப்பு வலை வழியே தெரு தெளிவாகத் தெரியும். உள்ளே போடும் திரைக்கு வெளிர்நிறம், வெளியே கட்டும் வலைக்கு அடர்நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். பகலில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அறை தெரியாது. இரவில் விளக்குப் போட்டால் நிலைமை தலைகீழ்; அதற்கு உள்திரை வேண்டும்.

நாற்றங்காலுக்குப் போடும் பச்சை ஷேட் நெட்டை மாடியிலும் பால்கனியிலும் கட்டியிருப்பதைக் கள்ளக்குறிச்சித் தெருக்களில் பார்க்கலாம். அதை யாரும் மட்டமாகப் பேச வேண்டாம். வெயிலில் தாங்கும்படி தயாரித்த நெட்டாக இருந்து, வெளியே கட்டியும் இருந்தால், உள்ளே தொங்கும் விலை உயர்ந்த திரையைவிட அது நன்றாக வேலை செய்யும்.

வலையால் ஆகாதது ஒன்று உண்டு. அது வெயிலைத் தடுக்கும். சூடான காற்றைக் குளிர்விக்காது. சமவெளியில் வெளியே 39 டிகிரி என்றால் வலை கட்டிய அறையும் அதை ஒட்டித்தான் இருக்கும். கல்வராயன் மலையில் கணக்கு மாறுகிறது. கோமுகி அணையைத் தாண்டி மலையேறி வெள்ளிமலை போய்ச் சேர்ந்தால் காற்று நான்கைந்து டிகிரி குறைந்திருக்கும். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொது அளவு. வெயிலோ குறைவதில்லை. மேலே இருக்கும் காற்று மெலிந்திருப்பதால் புற ஊதாக் கதிர் கொஞ்சம் கூடவே இருக்கும். வெயிலில் நின்றால் சுடும், நிழலுக்கு வந்தால் குளிரும் என்று மலைக்குப் போய்வந்தவர்கள் சொல்வார்களே, அதற்குக் காரணம் இதுதான். அங்கே வெயிலை மட்டும் நிறுத்திவிட்டால் போதும், அறை இதமாகிவிடும். மலைவாழ் மக்களின் பழைய வீடுகளில் மண்சுவரும் தாழ இறங்கிய கூரையும் இதைச் செய்தன. அதே மலையில் மார்கழிக் காலையில் வெயில் உள்ளே வர வேண்டும். எனவே மலையில் கழற்றி மாட்டும் வலையே சரி.

மாடி வீட்டுக்காரர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேல்தளத்துக்கு முதல் எதிரி ஜன்னல் அல்ல, மொட்டைமாடி. கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்காமல் ஜன்னலுக்கு வலை வாங்குவது வரிசை மாறிய செலவு.

இனி, வலை கட்டினால் ஜன்னலின் வாரண்டி என்ன ஆகும் என்ற கேள்வி. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது; நிலையும் கதவும் ஜன்னலும் செய்யத் தெரிந்த கைகளுக்கு அந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. ஆசாரி செய்த மர ஜன்னலுக்கு வாரண்டி கார்டு கிடையாது. ஆணி அடிக்கலாம், கொக்கி மாட்டலாம், கதவு இறுகினால் ஆசாரியே வந்து இழைத்துக் கொடுப்பார். யுபிவிசி ஜன்னலும் பவுடர் கோட்டிங் அடித்த அலுமினிய ஜன்னலும் வந்தபோதுதான் கூடவே கார்டும் வந்தது. ‘ஃபிரேமில் துளையிட்டால், கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டினால் வாரண்டி செல்லாது’ என்ற வகை வரிகள் அதில் இருக்கும். தப்பித்துக்கொள்ளத்தான் கம்பெனி இப்படி எழுதுகிறது என்று நினைப்பது எளிது. ஆனால் இந்த இரண்டு வரிகளுக்கும் பின்னால் உண்மையான இயற்பியல் இருக்கிறது.

முதலில் ஃபிலிம். கறுப்பு ஃபிலிம் வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியைச் சூடாக்கும். நடுப்பகுதி காய்ந்து விரியப் பார்க்கும். ஃபிரேமுக்குள் புதைந்திருக்கும் விளிம்பு நிழலில் குளிர்ந்தபடி விரிய மறுக்கும். நடுவுக்கும் விளிம்புக்கும் சுமார் 40 டிகிரி வித்தியாசம் வந்தால் சாதாரணக் கண்ணாடி தாங்காமல் போகலாம். டஃபன் செய்த கண்ணாடி 150 டிகிரிக்கு மேலும் தாங்கும். இப்படி உடைந்த கண்ணாடியைப் பார்த்த மாத்திரத்தில் விவரம் தெரிந்தவர் சொல்லிவிடுவார். விரிசல் விளிம்பில் செங்கோணமாகத் தொடங்கி, பிறகு வளைந்து நெளிந்து போயிருக்கும். கல் பட்டு உடைந்ததென்றால் பட்ட இடத்திலிருந்து நாலாபக்கமும் பரவியிருக்கும். இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் இன்னொரு ஆபத்து: கூடுதல் சூட்டில் இரண்டுக்கும் நடுவே உள்ள சீல் விட்டுப்போனால் ஈரம் உள்ளே புகுந்து பனி படர்ந்தது போல் நிற்கும், துடைக்க முடியாது. வெளியே தொங்கும் வலை இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. அது கண்ணாடியைக் குளிர்ச்சியாக வைக்கிறது. கம்பெனிக்கும் அது நல்லதே.

அடுத்து துளை. யுபிவிசி வெப்பத்தில் விரிவது அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒன்றரை மீட்டர் நீள யுபிவிசி ஃபிரேம் 30 டிகிரி சூடேறினால் மூன்று மில்லிமீட்டர் நீளும். அதே நீள அலுமினியப் பட்டி ஒரு மில்லிமீட்டர். வலையின் அலுமினியச் சட்டத்தை யுபிவிசியோடு ஸ்குரூ போட்டு இறுக்கினால், தினமும் மாலையில் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். ஸ்குரூ ஓட்டை பெரிதாகும், ஃபிரேம் வளையும், கதவு சரியாக மூடாது. ஃபிரேமின் உள்ளே துத்தநாகப் பூச்சு ஏற்றிய இரும்புப் பட்டி இருக்கிறது. டிரில் அந்தப் பூச்சைக் கிழித்துவிட்டால், ஐப்பசி மழையில் தண்ணீர் அந்த ஓட்டை வழியே இறங்கித் துரு ஏற்றும். வெளியே ஒன்றும் தெரியாது.

அதே மழைக்காகத்தான் ஜன்னலின் அடிப்பகுதியில் சிறு வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். ஸ்லைடிங் கதவைத் தள்ளிவிட்டு, கீழ்த் தடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடியில் ஃபிரேமின் வெளிப்பக்கத்தில் நீளமான சிறு பிளவுகள் வழியே அது சொட்டும். வலை கட்டுபவர் பலர் தெரியாமல் செய்யும் தவறு, கீழ்ப்பட்டியை இந்தத் துளைகளின் மேல் ஒட்டிவிடுவது. அடைத்தால் தண்ணீர் உள்ளே, சுவரில்தான் இறங்கும். சிலிகானும் எல்லாம் ஒன்றல்ல. பூசும்போது வினிகர் வாடை அடிப்பது இரட்டைக் கண்ணாடியின் சீலுக்கு ஆகாது.

இவ்வளவும் சேர்ந்து ஒரே இடத்தைக் காட்டுகின்றன. வலை ஜன்னலைத் தொடவே கூடாது. அதைச் சுவர் தாங்க வேண்டும். வெப்பத்துக்கும் அதுதான் நல்லது, வாரண்டிக்கும் அதுதான் நல்லது. மேலே சன்ஷேடின் அடியில் ஆங்கர் போட்டு இரண்டு மூன்று கொக்கி. கீழே, ஜன்னல் திட்டுக்குச் சற்றுக் கீழே சுவரில் அதே போல். வலையின் நாலு ஓரமும் மடித்துத் தைத்து, வளையம் அடித்து, கொக்கியில் மாட்டி இறுக்கினால் முடிந்தது. நம் வீடுகளுக்கே உரிய ஒரு வசதியும் உண்டு: கிரில். கிரில் வெளிப்பக்கம் இருந்து, கொத்தனார் அதைச் சுவரில் பதித்திருந்தால், வலையை அதிலேயே கட்டிவிடலாம். கிரில்லை யுபிவிசி ஃபிரேமோடு சேர்த்து முடுக்கியிருந்தால் அது வேண்டாம். கதவு வெளியே திறக்கும் ஜன்னலென்றால் வலை சன்ஷேடின் நுனியிலிருந்து தொங்க வேண்டும், இல்லாவிட்டால் கதவு இடிக்கும். காந்தப் பட்டியும் வெல்க்ரோவும் கொசுவலைக்குச் சரி. ஆடிக் காற்றில் மேற்குப் பக்கம் அது நிற்காது. மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று ஒன்றரைச் சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய இருபது கிலோ எடையின் விசையோடு தள்ளும். வலை ஓட்டை உள்ளது, கொஞ்சம் குறையும். ஆனாலும் பசையை நம்பக் கூடிய அளவு அல்ல. கரும்பு அரவைக் காலத்தில் பறக்கும் கரித்தூளும் ரோட்டுப் புழுதியும் ஓட்டையை அடைக்கும், காற்றும் குறையும். கழற்றி அலச முடிகிற மாதிரி மாட்டுவது அதற்கும் சேர்த்துத்தான்.

காகித வேலையையும் விட்டுவிடக் கூடாது. ஜன்னலுக்கு ஒரே வாரண்டி என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் ஃபிரேமுக்குத் தனி, கண்ணாடிக்குத் தனி, தாழ்ப்பாளும் உருளையும் தனி, பொருத்திய வேலைக்குத் தனி. வருடக் கணக்கும் ஒவ்வொன்றுக்கும் வேறு. வேலைக்கு முன் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘சுவரில் மட்டும் பொருத்தி, ஃபிரேமிலிருந்து இத்தனை அங்குலம் தள்ளி, வடிகால் துளைகளை மறைக்காமல் வலை கட்டப்போகிறேன், இதனால் எந்த வாரண்டிக்காவது தடை உண்டா?’ போனில் சரி என்று சொன்ன விற்பனையாளர் அடுத்த வருடம் அந்தக் கடையில் இருக்க மாட்டார். எழுத்தில் வந்த பதில் இருக்கும்.

பின்னால் தகராறு வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் செய்த வேலைக்கும் வந்த பழுதுக்கும் தொடர்பு உண்டா? அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம், எங்கள் கம்பெனிப் பொருளை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை கட்டுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. நம் நாட்டில் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீதான வழக்கில் இதே நியாயத்தைச் சொன்னது: வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி மொத்தமும் ரத்து என்று நிபந்தனை போடக் கூடாது, தவறான பழுதுவேலையால் வந்த சேதம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் மறுக்கலாம். அது கார்களுக்கு வந்த உத்தரவு, ஜன்னலை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் சுவரில் தொங்கும் வலையைக் காட்டி, தாழ்ப்பாள் உடைந்ததற்கு வாரண்டி இல்லை என்று சொல்லும் கம்பெனியிடம் பேச அந்த நியாயம் உதவும். பேச்சு பலிக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பில், கார்டு, மின்னஞ்சல் பதில் இவற்றோடு, வலை மாட்டும் முன்னும் பின்னும் ஃபிரேமின் நான்கு மூலைகளையும் வடிகால் துளைகளையும் எடுத்த போட்டோவும் கையில் இருக்கட்டும்.